கால்வாய் வாயில் தடுப்பு வைக்காமல் எங்களை ஏரிக்கு அழைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரிக் குப்பை அள்ளும் தன்னார்வலர்களின் படத்தைப் பத்திரிகையில் பார்க்கிறவர்கள், பெங்களூரு மக்கள் விழித்துக்கொண்டார்கள் என்று சந்தோஷப்படலாம். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். நான்கு ஆண்டுகளாக அல்சூர் ஏரிக்குப் போய்வருகிறேன். அந்த உரிமையில்தான் இந்தக் கண்டனத்தை எழுதுகிறேன்.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு. ஏறக்குறைய முப்பது பேர் துரட்டியும் பழைய மீன்வலையும் வைத்துக்கொண்டு, கரையோரம் மிதந்ததையெல்லாம் இழுத்துப் போட்டோம். பால் பாக்கெட், தெர்மகோல், மாத்திரை அட்டை, ஒற்றைச் செருப்பு, காய்ந்த மாலையோடு முடிச்சுப் போட்டு எறிந்த பிளாஸ்டிக் பை. ஆகாயத்தாமரையைத் தூக்கினால் அதன் வேருக்குள் குழந்தைகளின் டயப்பர் ஊறிக் கிடந்தது. பதினொரு மணிக்குள் நாற்பத்திரண்டு சாக்கு கட்டிக் கரையில் அடுக்கினோம். மதியம் லாரி வரும் என்று அதிகாரிகள் உறுதி சொல்லியிருந்தார்கள். வரவில்லை. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் போன் செய்தோம். நாய்கள் சாக்கைக் கிழித்தன. புதன் இரவு கொட்டிய மழை மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. வியாழன் காலை போய்ப் பார்த்தால் பாதிக் குப்பை திரும்பவும் தண்ணீரில். எங்களோடு வந்திருந்த பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி, சிவப்புக் கயிறு கட்டிய சாக்கைக் காட்டி, "அங்கிள், இது நான் கட்டினதுதானே?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

லாரி வராதது ஒரு வாரத்துக் கோளாறு என்றே வைத்துக்கொள்வோம். தினம் தினம் நடப்பது வேறு. ராஜகாலுவே என்று இங்கே சொல்லப்படும் பெரிய கால்வாய்கள் மழைநீரை ஓர் ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குக் கொண்டுபோக வெட்டப்பட்டவை. இன்று அவற்றில் சாக்கடை ஓடுகிறது. கால்வாய் ஏரியைத் தொடும் இடத்தில் கம்பித் தடுப்பு போட்டால் மட்டும் போதாது. தடுப்பில் சேரும் குப்பையை அன்றன்றைக்கு ஆள் வைத்து வாரவேண்டும். வாராவிட்டால் அது அடைத்துக்கொள்ளும், அடுத்த மழையில் தண்ணீர் மேலே ஏறி, மொத்தத்தையும் ஏரிக்குள் தள்ளிவிடும். நாங்கள் ஒரு காலை முழுக்க எடுத்ததைக் கால்வாய் ஒரே மழையில் கொண்டுவந்து கொட்டுகிறது.

மிதக்கும் குப்பை கண்ணுக்குத் தெரிவது மட்டும்தான். சாக்கடை நீரில் வரும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் ஆகாயத்தாமரைக்கு உரம். அது தண்ணீரை மூடிவிடும். அடியில் கழிவு அழுக அழுக உயிர்க்காற்று தீர்ந்துபோகும். 2016 மார்ச்சில் இந்த ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்ததை அல்சூர்க்காரர்கள் மறந்திருக்க முடியாது. அந்த நாற்றத்தில் ஜன்னலைத் திறக்க முடியவில்லை. பக்கத்திலேயே இருக்கும் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையினர், ராணுவத்தில் "தம்பி"கள் என்று செல்லமாக அழைக்கப்படுகிறவர்கள், ஏரியில் இறங்கிக் களையெடுத்தார்கள். அவர்களுக்கு நான் மனதாரக் கடமைப்பட்டிருக்கிறேன். ஆனால் நகரத்தின் சாக்கடைக்குப் பின்னால் போய்ச் சுத்தம் செய்வதா ராணுவத்தின் வேலை? 2018 ஜனவரியில் இதே நகரத்துப் பெல்லந்தூர் ஏரி பற்றி எரிந்தபோதும் ராணுவம்தான் வந்து தீயை அணைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் பசுமைத் தீர்ப்பாயம், அந்த வட்டார ஏரிகளைச் சீரமைக்க 500 கோடி ரூபாயைத் தனியாக ஒதுக்கி வைக்கும்படி மாநில அரசுக்கு உத்தரவிட்டது. அவ்வளவு தூரம் போகவிட்ட பிறகும் பாடம் படிக்கவில்லையே என்பதுதான் என் ஆற்றாமை.

இது பெங்களூரோடு முடிகிற விஷயமும் இல்லை. அல்சூர்த் தண்ணீர் பெல்லந்தூர், வர்த்தூர் வழியாகத் தென்பெண்ணையில் சேர்கிறது. ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணையிலிருந்து நுரை பொங்கி வரும் படங்களை உங்கள் வாசகர்கள் பார்த்திருப்பார்கள். நாங்கள் இங்கே விட்ட அழுக்கும் அந்த நுரையில் இருக்கிறது. அங்கே வயலுக்கு அந்தத் தண்ணீரைப் பாய்ச்சுகிற விவசாயி யாரிடம் போய் முறையிடுவார்?

மனம் வைத்தால் செய்ய முடியும் என்பதற்கு இதே ஏரியில் சாட்சி இருக்கிறது. பிள்ளையார் சிலைகளைக் கரைக்க ஏரியை ஒட்டித் தனியாக ஒரு கல்யாணி, அதாவது குளம், கட்டினார்கள். ஜனங்கள் ஏற்றுக்கொண்டார்கள். இதே ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலையைத் திறப்பதற்கு 18 ஆண்டுகள் காத்திருந்தவர்கள் பெங்களூர்த் தமிழர்களாகிய நாங்கள். 2009 ஆகஸ்டில் அது திறக்கப்பட்டபோது கூட்டத்தோடு கூட்டமாய் நின்று அழுதிருக்கிறேன். நீரின் அருமையைப் பாடியவர் தினமும் இந்தச் சாக்கடையைப் பார்த்துக்கொண்டு நிற்பதை நினைத்தால் நெஞ்சு பொறுக்கவில்லை.

அடுத்த ஞாயிறும் நான் போவேன், துரட்டியைக் கீழே வைக்கிற எண்ணம் இல்லை. ஆனால் எங்கள் படத்தைக் காட்டி "ஏரி பராமரிக்கப்படுகிறது" என்று இனிமேல் யாரும் கணக்குச் சொல்லக் கூடாது. ஏரிக்கு வரும் ஒவ்வொரு கால்வாயின் வாயிலும் உறுதியான தடுப்பு வேண்டும். அதைத் தினம் வாருவதற்குச் சம்பளம், கையுறை, பூட்ஸ் எல்லாம் கொடுத்து நிரந்தரமான ஆட்கள் வேண்டும். வாரிய குப்பை அன்றே லாரி ஏற வேண்டும். கடைசியாக எந்தத் தேதியில் வாரினார்கள் என்பதைக் கன்னடத்திலும் தமிழிலும் ஒரு பலகையில் எழுதி, நடைபயிற்சிக்கு வருகிறவர்கள் படிக்கிற மாதிரி அங்கேயே மாட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அல்சூர், பெங்களூரு.