பதின்மூன்றாவது திருமணத் தடை

கொஞ்சம் காரமாக எழுதுகிறேன். வாத்தியார்தானே என்று பொறுத்துக்கொள்ளுங்கள்.

தவக்காலம் முடிந்து பாஸ்கா வந்துவிட்டால் போதும், நம் வாட்ஸ்அப் குழுக்களில் கல்யாண பயோடேட்டா குவிகிறது. உச்சியில் 'மரியே வாழ்க'. அடுத்த வரியில் 'ஆர்.சி.' என்று போட்டு, பக்கத்திலேயே ஒரு கோடு இழுத்துச் சாதிப் பெயர். கடைசியில் 'அதே பிரிவில் மட்டும் தொடர்பு கொள்ளவும்'.

கோவிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, தடை ஏதும் தெரிந்தால் சொல்லுங்கள் என்று கேட்கிறார்களே, அந்தத் தடைகள் எவை? 1983-இல் வெளிவந்த திருச்சபைச் சட்டத்தொகுப்பில், திருமணத்தையே செல்லாததாக்கும் தடைகள் 12 இருக்கின்றன. வயது குறைவு, ஏற்கெனவே உள்ள திருமணம், குருத்துவம், நெருங்கிய இரத்த உறவு என்று அந்தப் பட்டியல் போகிறது. சாதி அதில் இல்லை. பதின்மூன்றாவதாக அதைச் சேர்த்தவர்கள் நாம்தான்.

வேடிக்கையைப் பாருங்கள். மாமன் மகளைக் கட்டுவது சட்டப்படி தடை. அதற்கு ஆயரிடம் விதிவிலக்கு வாங்கி ஜாம் ஜாம் என்று நடத்திவிடுகிறோம். திருச்சபை தடுப்பதற்கு அனுமதி வாங்குகிறோம். அது தடுக்காததை நாமே தடுக்கிறோம்!

"சார், பழக்கவழக்கம் ஒத்துப்போகாது" என்பீர்கள். ஜெர்மனியில் வேலை பார்க்கும் பையன் வெள்ளைக்காரப் பெண்ணை அழைத்து வந்தால் பந்தல் போட்டு வரவேற்கிறீர்கள். அவளுக்கு நம் கருவாட்டுக் குழம்பு ஒத்துப்போகிறது. ஒரே பங்கில், ஒரே பாடகர் குழுவில் பாடும் பக்கத்துத் தெருப் பெண்ணுக்குத்தான் ஒத்துப்போகாதா?

"அரசாங்கமே சாதி கேட்கிறதே" என்பது அடுத்த வாதம். சான்றிதழில் கேட்பது நடந்த அநியாயத்துக்கு ஈடு செய்ய. பயோடேட்டாவில் கேட்பது அதே அநியாயத்தைத் தொடர. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதி உரிமையை மறுக்கிறது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 10 அன்று கறுப்புக்கொடி பிடிக்கிறோம். பிடித்த கை வீட்டுக்கு வந்து இந்த பயோடேட்டாவை அனுப்பலாமா? திருச்சபைக்குள்ளேயே தீண்டாமை இருக்கிறது என்று இந்திய ஆயர் பேரவை 2016-இல் எழுத்திலேயே ஒப்புக்கொண்டது. ஆயர்கள் ஒப்புக்கொண்டதை அப்பா அம்மாக்கள் ஒப்புக்கொள்ள இன்னும் எத்தனை ஆண்டு?

நட்டாலத்தில் பிறந்த தேவசகாயம் 1745-இல் ஞானஸ்நானம் பெற்றார். சாதி பாராமல் எல்லாரும் சமம் என்று பேசியது மேல்தட்டினரின் பகையைச் சம்பாதித்துத் தந்தது. சிறை, சித்திரவதை, 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று அவருக்குப் புனிதர் பட்டம் கொடுக்கப்பட்டது. அதற்கு முன்பே வத்திக்கான் அவர் பெயரிலிருந்து 'பிள்ளை'யை எடுத்துவிட்டது. புனிதருக்கே வேண்டாத வால் உங்கள் மாப்பிள்ளைக்கு எதற்கு?

பிள்ளைகளே, உங்கள் கல்யாணம், உங்கள் பயோடேட்டா. அந்த ஒரு வரியை நீங்களே அடித்துவிடுங்கள். பெற்றோர் முகம் சுளித்தால், தேவசகாயம் படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றியது எதற்கு என்று மரியாதையாகக் கேளுங்கள்.

உறவுகளே, வரன் பார்த்துத் தரச் சொல்லி எனக்கு அனுப்புங்கள், மகிழ்ச்சியாகச் செய்கிறேன். அந்த வரி இருந்தால் மட்டும் சிவப்பு மையால் கோடு போட்டுத் திருப்பி அனுப்புவேன். பழைய பழக்கம், விடாது.