கேமராவுக்கு நம் நிறம் தெரியாது

சமீபத்தில் அச்சான கல்யாண ஆல்பம் ஒன்றை எடுத்து, மணப்பெண்ணின் முகத்தோடு கழுத்தையும் வளையல் போட்ட கையையும் சேர்த்துப் பாருங்கள். பல ஆல்பங்களில் முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், கை இன்னொரு நிறம். பக்கத்தில் வெள்ளை வேட்டி சட்டையில் நிற்கும் அப்பாவின் முகமோ கண் எது, புருவம் எது என்று தெரியாத அளவுக்குக் கறுத்துக் கிடக்கும். மகள் முகம் வெளுத்ததற்கும் அப்பா முகம் இருண்டதற்கும் காரணம் ஒன்றுதான். அந்த முகங்களில் விழுந்த ஒளியைப் படமெடுத்தவர் அளக்கவில்லை.

ஒளிப்படம் கற்க வருகிறவர்கள் முதலில் கேட்பது எந்த லென்ஸ் வாங்கலாம் என்பது. அடுத்தது கம்போசிஷன். சட்டகத்தை மூன்றாகப் பிரித்து ஆளை ஓரத்தில் நிறுத்துவதும், தலைக்குப் பின்னால் தூண் முளைக்காமல் பார்த்துக்கொள்வதும் பழகப் பழகக் கைக்கு வந்துவிடும். நம் ஊர் மனிதர்களின் தோல் நிறத்தை உள்ளபடி, அதற்குரிய அழகோடு பதிவுசெய்வதுதான் கடினம். பயிற்சியின் முதல் பாடமாக அது இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேமராவுக்குள் இருக்கும் மீட்டர், எதிரில் இருப்பது எதுவானாலும் அதை நடுத்தரச் சாம்பல் அளவு வெளிச்சத்துக்குக் கொண்டுவரவே பார்க்கிறது. கடைகளில் கிடைக்கும் ‘கிரே கார்டு’ தன் மேல் விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். ஏறக்குறைய அதுதான் மீட்டரின் உலகம். சட்டகம் முழுக்க வெள்ளை வேட்டியாக இருந்தால், ‘வெளிச்சம் அதிகம்’ என்று எண்ணி அது ஒளியைக் குறைக்கும். வேட்டி சாம்பலாகும், முகம் இருட்டாகும். பின்னணி கறுத்த திரை என்றால் ஒளியைக் கூட்டும், மாநிறம் வெளிறிப்போகும். முகத்தை அடையாளம் காணும் புதிய கேமராக்கள் இந்தத் தவறைக் குறைத்திருக்கின்றன. ஆனாலும் அந்த முகம் எவ்வளவு கறுப்பு, எவ்வளவு வெளுப்பு என்பது அவற்றுக்குத் தெரியாது.

அதனால் அளக்கும் வேலையை நாமே செய்ய வேண்டும். ஸ்பாட் மீட்டரிங்கில் வைத்து, ஆள் நிற்கும் அதே ஒளியில் உங்கள் உள்ளங்கையை நீட்டி அளந்துகொள்ளுங்கள். தோல் நிறம் எதுவானாலும் உள்ளங்கையின் வெளிச்சம் ஆளுக்கு ஆள் பெரிதாக மாறுவதில்லை. பொதுவாக அது நடுச்சாம்பலைவிட ஒரு ஸ்டாப் கூடுதல். ஆகவே மீட்டர் காட்டும் அளவைவிட ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு ஒளி கொடுத்து, மேனுவலில் பூட்டிவிடுங்கள். பிறகு ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். வேட்டியின் வெள்ளை வலது ஓரத்தில் முட்டி நின்றால் சற்றுக் குறையுங்கள். ரா ஃபைலில் இருட்டை ஓரளவு தூக்கிவிடலாம். எரிந்துபோன வெள்ளையில் ஜரிகையோ மடிப்போ திரும்பி வராது. போனில் எடுப்பவர்கள் திரையில் முகத்தைத் தொட்டு, தோன்றும் சூரியக் குறியை மேலோ கீழோ நகர்த்தினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

முகம் எவ்வளவு வெளிச்சமாக இருக்க வேண்டும்? 1940-ஐ ஒட்டி ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் வகுத்த ‘ஸோன்’ முறை, கறுப்பு முதல் வெள்ளை வரை படிகளாகப் பிரித்து, ஐரோப்பியரின் சராசரித் தோலை ஆறாம் படியிலும் கருந்தோலை ஐந்தாம் படியிலும் வைத்தது. ஒரு படி என்பது ஒரு ஸ்டாப். எல்லா முகங்களையும் ஆறாம் படிக்கு ஏற்ற வேண்டியதில்லை என்பதை அன்றே தெளிவாக்கிவிட்டார்கள். நம்மவர்கள் பலரும் ஏற்றிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

இதில் தொழில்நுட்பத்தின் பங்கும் உண்டு. 1950-களிலிருந்து கோடாக் நிறுவனம் அச்சுக்கூடங்களுக்கு அனுப்பிய ‘ஷெர்லி கார்டு’ வெள்ளைக்காரப் பெண் ஒருவரின் படம். அவருடைய தோல் சரியாக வந்தால் அச்சு சரி என்று வைத்துக்கொண்டார்கள். அடர் பழுப்பு நிறங்களை ஃபிலிம் நன்றாகப் பதிய வேண்டும் என்ற அழுத்தம் சாக்லேட், மரச்சாமான் தயாரிப்பாளர்களின் புகார்களிலிருந்தே வந்தது என்று கோடாக்கில் பணியாற்றியவர்கள் ஆய்வாளர் லோர்னா ராத்திடம் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். பல நிறத்தவர் இடம்பெற்ற கார்டு 1990-களில்தான் வந்தது. போன் கேமராவில் இதைச் சரிசெய்யும் முயற்சியை ‘ரியல் டோன்’ என்ற பெயரில் கூகுள் அறிவித்தது 2021-இல். மனிதத் தோலைவிட மேசைக்கும் சாக்லேட்டுக்கும் முன்னுரிமை கிடைத்த வரலாறு இது. நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

சரியாக அளந்துவிட்டால் மட்டும் போதாது. ஒளி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது அதைவிட முக்கியம். வெளிர் தோலில் முகத்தின் மேடுபள்ளங்களை நிழல் காட்டும். கருந்தோலில் அந்த வேலையைப் பெரிதும் செய்வது மேற்பரப்பின் மினுமினுப்பு. நேர் எதிரே சிறிய ஃப்ளாஷை அடித்தால் நெற்றியிலும் மூக்கு நுனியிலும் வெள்ளைப் புள்ளிகள் விழுந்து, மற்ற இடமெல்லாம் தட்டையாகிவிடும். அதே ஆளை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்கார வையுங்கள். கன்னத்திலும் தாடையிலும் அகலமான, மென்மையான ஒளி வழிந்து இறங்கும். மறுபக்கம் ஒரு தெர்மோகோல் அட்டை பிடித்தால் போதும். இந்த ஒளியைப் படிக்க விரும்புகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது பாலு மகேந்திராவின் படங்களை. அவருக்கு ஒளிப்பதிவுக்கான தேசிய விருது பெற்றுத்தந்த ‘மூன்றாம் பிறை’யை (1982) ஒலியை நிறுத்திவிட்டு ஒருமுறை பாருங்கள். முகங்களில் ஒளி எங்கிருந்து வந்து எங்கே முடிகிறது என்று மட்டும் கவனியுங்கள்.

மண்டப மேடையில் ஜன்னல் கிடையாது என்பது உண்மைதான். பக்கச் சுவர் வெள்ளையாக இருந்தால் ஃப்ளாஷை அதன்மேல் திருப்புங்கள். சுவரே பெரிய ஜன்னலாகும். மேடையின் ஊதா, இளஞ்சிவப்பு எல்ஈடி விளக்குகளை முகூர்த்த நேரத்தில் மட்டுமாவது அணைக்கச் சொல்லுங்கள். தோலில் படிந்த ஊதாவை எந்த மென்பொருளாலும் முழுதாகக் கழுவ முடியாது. ஆட்டோ ஒயிட் பேலன்ஸை நம்ப வேண்டாம். சட்டகம் நிறைய அரக்குப் பட்டு இருந்தால் கேமரா அதை விளக்கின் சிவப்பாக எண்ணி, எல்லாவற்றையும் நீலப்பச்சைப் பக்கம் தள்ளிவிடும். முகத்தில் சாம்பல் பூத்துவிடும். மேடை விளக்கில் ஒரு கிரே கார்டைப் படமெடுத்து, அதை வைத்து ஒயிட் பேலன்ஸை நிறுத்திக்கொள்வது ஒரு நிமிட வேலை.

இவ்வளவு செய்தும் “அண்ணா, பொண்ணு கொஞ்சம் கலரா தெரியற மாதிரி பண்ணுங்க” என்று வீட்டார் கேட்பார்கள். வாடிக்கையாளர் கேட்பதைக் கொடுப்பதுதானே தொழில் என்கிறார்கள் நண்பர்கள். எனக்கு அது ஏற்புடையதல்ல. ஒளி சரியாக விழுந்த மாநிற முகத்தை அந்தக் குடும்பம் அச்சில் பார்த்ததே இல்லை. பார்க்காத ஒன்றை எப்படிக் கேட்பார்கள்? அவர்கள் தப்பிக்க நினைப்பது இருண்டும் சாம்பல் பூத்தும் வந்த பழைய படங்களிலிருந்து. அந்தப் படங்களை எடுத்தது நம் தொழில்தான்.

எனவே முன்பணம் வாங்கும் நாளிலேயே இரண்டு அச்சுகளைக் கையில் கொடுங்கள்: ஒரே முகம், ஒன்று வெளுப்பாக்கியது, மற்றொன்று சரியாக அளந்து எடுத்து அப்படியே விட்டது. ஆல்பம் வடிவமைப்பாளருக்குக் கோப்புகளை அனுப்பும்போது தோல் நிறத்தைத் தொட வேண்டாம் என்று எழுத்தில் சொல்லுங்கள். கணினித் திரையின் வெளிச்சத்தை முழுதாக ஏற்றி வைத்துத் திருத்தினால் திரையில் பளிச்சென்றிருக்கும் முகம் அச்சில் மங்கும். அதைப் பார்த்து லேபில் மறுபடி வெளுப்பாக்குவார்கள். திரையைப் பாதிக்குக் குறைத்து, நாலுக்கு ஆறு அளவில் ஒரு மாதிரி அச்சு போட்டு, வீட்டு டியூப்லைட்டில் பார்த்த பிறகு ஆல்பத்துக்கு அனுப்புங்கள். அந்த மாதிரி அச்சில் முதலில் பார்க்க வேண்டியது அப்பாவின் கண்களை.

- கட்டுரையாளர், ஒளிப்படக் கலைஞர், பயிற்சியாளர்.