முன் வாசல் பூட்டியிருந்த ஆறு கிழமைகள்

இந்த மாதம் தடுப்பூசிகளைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தோம். அதை அடுத்த இதழுக்குத் தள்ளி வைக்கிறோம். ஏப்ரல் மூன்றாம் கிழமையிலிருந்து எங்கள் வீட்டில் வேறொரு கதை நடந்துவிட்டது. அதை ஆறுவதற்கு முன் எழுதிவிட வேண்டும்.

அன்று இரவு வேலை முடிந்து காலை எட்டு மணிக்கு ஸ்காபரோ வீட்டுக்கு வந்து இறங்கினோம். முன் கதவுக்கு மேலே இருக்கும் லைட்டின் தலையில் காய்ந்த புல்லும் சேறும் அப்பியிருந்தது. மாமி ஏற்கனவே தும்புத்தடியோடு நின்றா. "குப்பை, பிள்ளை. பிள்ளையள் எறிஞ்சிருப்பினம்" என்றா. தம்பி ஓடிவந்து மறித்தான். "மாமி, அது றொபின்ர கூடு. கை வைக்கக் கூடாது, சட்டம் இருக்கு."

சட்டம் உண்மையில் இருக்கிறது. 1916 இல் அமெரிக்காவும், கனடாவுக்காகப் பிரித்தானியாவும் செய்துகொண்ட ஒப்பந்தத்திலிருந்து வந்தது. இன்று 1994 ஆம் ஆண்டுச் சட்டமாக இருக்கிறது. முட்டையோ குஞ்சோ உள்ள றொபின் கூட்டை அகற்றுவது குற்றம். தம்பிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்க வேண்டிய நேரத்தில் இதைத்தான் படிக்கிறான்.

றொபினைக் காணாத கனடாப் பிள்ளை இருக்க முடியாது. சாம்பல் முதுகு, செங்கல் நிற நெஞ்சு, புல்தரையில் நாலு எட்டு ஓடி, நின்று, தலையைச் சரித்துப் பார்த்து மண்புழுவை இழுக்கும் பறவை. ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் தங்கள் ஊர்ச் சிவந்த நெஞ்சுக் குருவியின் பெயரை இதற்கு வைத்துவிட்டார்கள். ஆனால் அதுவும் இதுவும் வேறு வேறு குடும்பம். எங்கள் ஊர்ப் புலுனியை விடச் சற்றுப் பெரிது என்றால் மாமியின் தலைமுறைக்கு விளங்கும்.

கூட்டைக் கட்டுவது பெண் பறவைதான். வாயில் சேறு கொண்டுவந்து, உள்ளே இருந்து நெஞ்சால் அழுத்தி அழுத்திக் கிண்ணமாக்கியது. நாங்கள் முன் கதவைப் பூட்டி, லைட்டை அணைத்து, "பக்கத்து வாசலால் வரவும்" என்று ஒரு மட்டையில் எழ்தித் தொங்கவிட்டோம். வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு வந்த இருபது பேரும் கராஜுக்குள்ளால், குளிர்காலத் டயர்களுக்கும் பனி தள்ளும் மண்வெட்டிக்கும் இடையால் நுழைந்து வந்தார்கள். போதகர் ஐயா தலையை இடித்துக்கொண்டார். ஒரு குருவிக்காக இவ்வளவா என்று ஒரு அன்ரி முணுமுணுத்ததும் காதில் விழுந்தது. அடுத்த கிழமை அவவேதான் முதலில் மாடி யன்னலுக்கு ஏறிப்போய்ப் பார்த்தா.

அந்த யன்னலால் பார்த்தால் கூட்டின் உள்ளே தெரியும். நாளுக்கு ஒன்றாக நாலு முட்டை. அந்த நீலத்தைச் சொல்லி விளங்கப்படுத்த முடியாது. அதைத் தருவது பிலிவேர்டின் என்ற பொருள். அடிபட்ட இடம் கன்றிப்போய்ச் சில நாளில் பச்சையாக மாறுகிறதே, அதற்குக் காரணமும் இதே பிலிவேர்டின்தான். வேலையில் எத்தனை காயங்களில் அந்த நிறத்தைப் பார்த்திருக்கிறோம். கூட்டில் பார்த்தபோதுதான் அழகாக இருந்தது.

அடைகாக்கும் காலத்தில் தாயின் வயிற்றில் இறகு உதிர்ந்து ஒரு இடம் வெறும் தோலாகும். அங்கே இரத்தக் குழாய்கள் பெருகும். அந்தச் சூட்டைத் தோலிலிருந்து நேரே முட்டைக்குக் கொடுக்கிறது. 1978 இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் வைத்தியர் எட்கர் ரே சனாப்ரியா, இன்குபேட்டர் போதாத நிலையில், குறைமாதக் குழந்தைகளைத் தாயின் வெறும் நெஞ்சோடு வைக்கச் சொன்னார். இன்று உலகம் முழுக்க அதைச் செய்கிறோம். றொபின் யாரிடமும் கேட்காமல் செய்துகொண்டிருந்தது.

பதின்மூன்றாம் நாள் மூன்று குஞ்சு பொரித்தது. நாலாவது முட்டை அப்படியே கிடந்தது. கண் திறக்காத, இறகில்லாத, வாய் மட்டுமான மூன்று உயிர்கள். தாயும் தகப்பனும் விடிய முதல் இருளும்வரை மாறி மாறித் தீன் கொண்டுவந்தன. குஞ்சின் எச்சம் வெள்ளைப் பையில் சுற்றினதுபோல வரும். அதைப் பெற்றோர் கொத்திக்கொண்டு தூரப் போய்ப் போட்டுவிடும். டயப்பர் மாற்றிய எவருக்கும் பொறாமை வரும்.

விக்டோரியா தின விடுமுறைச் சனிக்கிழமை, ஒரு கிரக்கிள் வந்தது. கறுப்பில் நீலம் மினுங்கும், மஞ்சள் கண் பறவை. நாங்கள் கோப்பியோடு யன்னலடியில் நின்றோம். இரண்டு றொபினும் கத்திக் கத்திப் பாய்ந்தன. நாங்கள் யன்னலைத் தட்டினோம். எல்லாம் பத்து விநாடிதான். கூட்டில் இரண்டு குஞ்சு மிஞ்சியது.

எட்டு வயது மகள் அழுதாள். ஞாயிறு பாடசாலையில் சிட்டுக்குருவியைப் பற்றிப் படித்தவள். "அப்ப ஏன் கடவுள் பார்த்துக்கொண்டு நிண்டவர்?" என்று கேட்டாள். எங்களிடம் பதில் இருக்கவில்லை. வார்டில் இதே கேள்வியைப் பெரியவர்கள் கேட்கும்போதும் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் வழக்கம். மாமிதான் சொன்னா: "குருவி விழாது எண்டு இயேசு சொல்லேல்லை, குஞ்சு. விழேக்கை பிதாவுக்குத் தெரியும் எண்டுதான் சொன்னவர்." மகளுக்கு அது போதவில்லை. எங்களுக்கும் அன்றைக்கு முழுதாகப் போதவில்லை என்பதை மறைக்க மாட்டோம். கிரக்கிளுக்கும் எங்கேயோ ஒரு கூடு இருந்திருக்கும்.

இப்போது எங்கள் பிழைக்கு வருகிறோம். மே கடைசிக் கிழமை, பன்னிரண்டு மணிநேர வேலை முடிந்து வந்தால், நெஞ்சில் புள்ளி போட்ட குட்டை வால் குஞ்சு ஒன்று புல்லில் நின்றது. பறக்கவில்லை. கிரக்கிளின் நினைவு வந்ததும் யோசிக்காமல் தூக்கிச் சப்பாத்துப் பெட்டிக்குள் வைத்து வீட்டுக்குள் கொண்டுபோய்விட்டோம். மருந்துக்கு வைத்திருந்த சிறிஞ்சில் தண்ணீரும் எடுத்தாயிற்று. தம்பி படியிறங்கி வந்தான். "அக்கா, என்ன செய்யிறீங்கள்? அது விழேல்லை. வெளிக்கிட்டது."

அவன் சொன்னது சரி. றொபின் குஞ்சு பதின்மூன்று நாளளவில், சரியாகப் பறக்க முதலே கூட்டை விட்டு இறங்கிவிடும். சில நாள் பற்றைக்குள்ளும் புல்லிலும் ஒளிந்து திரியும். அந்த நாட்களில் தகப்பன் தேடிப்போய்த் தீன் கொடுக்கும். தாய் அடுத்த கூட்டுக்கு ஆயத்தமாகும். சிறிஞ்ச் இன்னும் மோசம். பறவையின் மூச்சுக்குழாய் வாசல் நாக்கின் அடியிலேயே இருக்கிறது. வாய்க்குள் விடும் தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போகலாம். நோயாளிக்குத் தண்ணீர் புரைக்கேறாமல் பார்ப்பது எங்கள் தினசரி வேலை. அந்த நேரத்தில் ஒன்றும் நினைவில் இருக்கவில்லை.

நீங்களும் காண்பீர்கள் என்பதால் சொல்கிறோம். இறகு முளைத்துத் துள்ளுகிற குஞ்சென்றால் விட்டுவிடுங்கள். பூனையோ வீதியோ பக்கத்தில் என்றால் கிட்டவுள்ள பற்றைக்குள் வைத்துவிட்டு விலகுங்கள். இறகில்லாத குஞ்சென்றால் கூட்டுக்குள் திரும்ப வையுங்கள். மனித வாசனை பட்டால் தாய் ஏற்காது என்பது உண்மையில்லை. பாலும் பாணும் கொடுக்காதீர்கள். காயம் கண்டால் ரொறன்ரோ வனவிலங்கு மையத்தைக் கேளுங்கள்.

பெட்டியை வேலியோரச் செடிக்கடியில் சரித்துவிட்டுக் கராஜுக்குள் நின்று பார்த்தோம். முழுதாக நாற்பது நிமிடம். தகப்பன் புழுவோடு வேலியில் வந்திருந்து கூப்பிட்டது. செடிக்குள்ளிருந்து பதில் வந்தது.

அங்கே நின்றபடிதான் தம்பி சொன்னான். "அக்கா, ஜூன் ஒண்டுக்குள்ள பதில் சொல்லவேணும்." அம்மா போன பிறகு எங்களோடு வளர்ந்தவன். தண்டர் பேயில் ஒரு பல்கலைக்கழகம் அவனை எடுத்திருந்தது. இங்கிருந்து சுமார் 1,400 கிலோமீற்றர். ரொறன்ரோவில் ஒன்றும் எடுத்திருந்தது. ஒரு மாதமாக அந்தப் பேச்சு வந்தபோதெல்லாம் நாங்கள் வாடகையையும் குளிரையும் அங்கே தமிழ்ச் சபை இல்லாததையும் சொல்லிக்கொண்டிருந்தோம். அவன் பறவையை உவமையாக்கவில்லை. நாங்களும் ஆக்கவில்லை. "குளிருக்கு நல்ல ஜக்கெற் வாங்கவேணும்" என்று மட்டும் சொல்ல முடிந்தது.

ஜூன் முதலாம் திகதி விடுதிக்கு முற்பணம் கட்டினோம். இரண்டாவது குஞ்சும் போய்விட்டது. பிறகு கூட்டில் நீல முட்டை ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தது. தாய்ப் பறவை பக்கத்து வீட்டு மேப்பிள் மரத்துக்குச் சேறு கொண்டுபோகிறது. இப்போது கதவைத் திறக்கலாம். ஆனால் மாமி இன்னும் கராஜாலேயே போய் வருகிறா.