தப்பாய்ப் பேசும் உரிமை

ஆங்கிலம் கற்பது சந்தோஷமான காரியமாம். தினசரி அரைமணி நேரம் போதுமாம். இங்கிலீஷ் பேப்பர் படியுங்கள், இங்கிலீஷ் படம் பாருங்கள், பாட்டுக் கேளுங்கள், டயரி எழுதுங்கள், எல்லாவற்றுக்கும் மேலாக வீட்டில் ஆங்கிலத்திலேயே பேசிப் பழகுங்கள் என்கிறார்கள். மாணவர்களுக்கு வழிகாட்ட முகாம் போட்டுக் கோட்டு சூட்டோடு வந்து இறங்குகிற பேச்சாளர்கள் எல்லோரும் சொல்வது இதைத்தான். சொல்வது நியாயம். மொழி விளையாடினால் வரும், பயந்தால் வராது. இதில் எனக்கு மறுப்பில்லை. எனக்குள்ள கேள்வி ஒன்றே ஒன்று. யாரோடு பேசுவது?

வரிச்சிக்குடியில் எங்கள் தெருவுக்குச் சாயங்காலம் ஏழு மணிக்கு வந்து பாருங்கள். அம்மா நடவுக்கோ கட்டட வேலைக்கோ போய்விட்டு வந்து அப்போதுதான் உலை வைத்திருப்பாள். ஆத்தா வாசலில் வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கும். பன்னிரண்டாவது படிக்கிற பெண் விறகையும் தம்பியையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவள் 'குட் ஈவினிங்' என்று யாரிடம் சொல்வது? வெற்றிலை இடிக்கிற ஆத்தாவிடமா? மூன்று தலைமுறை படித்த வீட்டுக்கு எழுதின மருந்துச் சீட்டை முதல் தலைமுறையின் கையில் கொடுத்துவிட்டு, 'உங்களுக்கு ஆர்வம் பத்தலை' என்று பழியையும் அவள் தலையிலேயே போடுகிறார்கள்.

ஆர்வம் எங்கே போனது என்று நான் சொல்கிறேன். எட்டாம் வகுப்பில் ஒருநாள் எழுந்து நின்று ஆங்கிலப் பாடம் வாசித்தேன். 'ஷ' என்று வரவேண்டிய இடத்தில் 'ச' வந்தது. "உங்க நாக்குக்கெல்லாம் இது வராது, உக்காரு" என்றார் வாத்தியார். வகுப்பே சிரித்தது. அடுத்து வாசித்தவன் மிராசு வீட்டுப் பையன். அவனுக்கும் 'ச'தான் வந்தது. "கிட்ட வந்துட்டே தம்பி, இன்னொரு தரம் சொல்லு" என்றார் அதே வாத்தியார். அவன் செய்தது உச்சரிப்புப் பிழை. நான் செய்தது சாதிப் பிழை. அவனுடைய தப்பு அவனோடு முடிந்துவிடும். என்னுடைய தப்பு என் தெருவுக்கே, என் அம்மாவின் நாக்குக்கே, பிறக்காத என் பிள்ளைகளுக்கே போய்ச் சேரும். 'உங்க' என்ற அந்தப் பன்மையைக் கவனியுங்கள் தோழர்களே. ஒருத்தி நின்று வாசித்தாள், ஒரு ஊர்ச்சேரியே உட்கார வைக்கப்பட்டது.

பிழை செய்யாமல் உலகத்தில் எவனும் மொழி கற்றதில்லை. பிழை செய்து சிரித்து மறுபடி பேசுகிற சலுகை யாருக்கு உண்டு என்பதில்தான் அரசியலே இருக்கிறது. சந்தோஷமாகக் கற்பது என்று இவர்கள் பேசுவது இந்தச் சலுகையைத்தான். அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட மட்டும் அவர்களுக்கு வாய் வராது.

எங்களுக்கு வடக்கே பொறையாறு தாண்டினால் தரங்கம்பாடி. 1706 ஜூலையில் சீகன்பால்க் என்ற ஜெர்மன் பாதிரி அங்கே கப்பலிலிருந்து இறங்கினார். தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது. பள்ளிக்கூடத்துச் சிறுவர்களோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். கண்டவர்களிடம் பேசினார். 1715க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்தும் விட்டார். தாடி முளைத்த ஆள் பொடிசுகளோடு உட்கார்ந்து தப்புத் தப்பாக 'அ' போட்டபோது, 'உங்க விரலுக்கு இது வராது' என்று எவனாவது சொல்லியிருப்பானா?

பிறகு ஆண்ட்ரூ பெல் வந்தார். 1789இல் சென்னை எழும்பூரில் ராணுவ அநாதைப் பிள்ளைகளின் விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்றவர். நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, அதையே தன் பள்ளிக்குக் கொண்டுபோனார். மூத்த பையன் இளைய பையனுக்குச் சொல்லிக்கொடுப்பான். வாத்தியார் குறைவு, செலவு குறைவு, பயம் குறைவு. 1797இல் லண்டனில் இதைப் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகள் அந்த நாட்டு மொழியையே இப்படித்தான் எழுதப் படிக்கக் கற்றார்கள். தமிழ்ப் பெருமை பேசுகிறவர்கள் இதைச் சொல்லிப் புல்லரித்துப் போவார்கள். அந்தத் திண்ணை யாருடைய திண்ணை என்று மட்டும் கேட்கக்கூடாது. திண்ணை மணல் கடல் தாண்டி லண்டன் வரைக்கும் போனது. ஒரு வாய்க்கால் தாண்டிச் சேரிக்கு வர அதற்கு வழி தெரியவில்லை.

காரைக்காலில் இன்னொரு அதிகார மொழியும் குடியிருந்தது. 1739இல் பிரெஞ்சுக்காரன் கைக்கு வந்த ஊர். நடுவில் சிலகாலம் இங்கிலீஷ்காரன் பிடுங்கிக்கொண்டாலும், 1954 நவம்பர் 1 வரைக்கும் பிரெஞ்சு ஆட்சிதான். 1881இல் ஒரு ஆணை போட்டார்கள். சாதி, சமய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றுக்கொண்டால் புதுக் குடும்பப் பெயர் உண்டு என்றார்கள். அப்படித் துறந்தவர்களை 'ரெனோன்சான்' என்பார்கள். ஒடுக்கப்பட்டவர்கள் கணிசமாக அதில் போனார்கள், மேல்சாதி இந்துக்கள் எதிர்த்தார்கள். போனவர்களில் பலர் சிப்பாய்களாகவும் குமாஸ்தாக்களாகவும் சைகோனுக்குக் கப்பல் ஏறினார்கள். 'சொல்தா' என்று இன்றைக்கும் எங்கள் பக்கம் சொல்கிறோமே, அந்த வீட்டார்கள். சிப்பாயாகப் போனவனுக்குப் பிரெஞ்சு எங்கே வந்திருக்கும்? இலக்கணப் புத்தகத்திலா? பாசறையில், சமையல்கட்டில், சீட்டாட்டத்தில், திட்டு வாங்கித் திருப்பித் திட்டினதில் வந்திருக்கும். பெயரோடு சேர்ந்து சாதியும் கொஞ்சம் பின்னால் தங்கிவிட்ட இடத்தில் நாக்கு தானாகத் திரும்பும்.

அம்பேத்கர் கதையும் இதற்குத் தூரமில்லை. அவர் அப்பா ராம்ஜி, ராணுவப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். மகனுக்கு வீட்டிலேயே ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். பள்ளிக்கூடம் அந்தப் பிள்ளைக்குச் சமஸ்கிருதத்தை மறுத்தது, பாரசீகம் படி என்றது. ஆங்கிலத்தை மறுக்க முடியவில்லை, ஏனென்றால் அது வீட்டில் இருந்தது. 1936இல் லாகூரில் பேச முடியாமல் தடுக்கப்பட்ட உரையை அவரே அச்சடித்துப் போட்டார். ஆங்கிலத்தில் இருந்ததால் அது ஈரோட்டுக்கும் வந்தது, 'குடி அரசு' வழியாகத் தமிழிலும் வந்தது. வீட்டுக்குள் ஒரு ராம்ஜி இல்லாத பிள்ளைகளுக்கு யார் ராம்ஜி என்பதுதான் நம் பிரச்சினை.

இங்கே இரண்டு பக்கத்திலிருந்தும் அடி விழும் என்று தெரியும். 'தமிழச்சி இப்படிப் பேசலாமா' என்று ஒரு குரல். நான் தமிழ் எம்.ஏ. ஐயா. சங்கப் பாட்டில் புலையனும் இழிசினனும் எந்த வரியில் நிற்கிறார்கள் என்று தெரிந்தே அந்தத் தமிழை நேசிக்கிறேன். உங்கள் பேரன் எந்தப் பள்ளி வேனில் ஏறுகிறான் என்பதும் எனக்குத் தெரியும். 'ஆங்கிலம் ஏகாதிபத்திய மொழி' என்று இன்னொரு குரல். அதைச் சொல்லும் தோழர் அதற்கு மேற்கோள் காட்டுவதே ஆங்கிலப் புத்தகத்திலிருந்துதான். அந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் எங்களிடமும் கொடுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

நம்மவர்களிடமும் ஒரு சண்டை உண்டு. உத்தரப்பிரதேசத்தில் பாங்கா என்ற கிராமத்தில் 2010இல் ஆங்கிலத் தேவிக்குக் கோயில் கட்டத் தொடங்கினார்கள். சந்திரபான் பிரசாத் மெக்காலே பிறந்த அக்டோபர் 25ஐக் கொண்டாடுகிறார். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் எதையாவது சாமியாக்கினால் கருவறையும் கூடவே வந்துவிடும், தள்ளி நின்று கும்பிடு என்பார்கள். எங்களுக்கு ஆங்கிலம் கும்பிட வேண்டாம். கிட்டிப்புள்ளு மாதிரி கையில் எடுத்து அடிக்கவேண்டும், தொலைந்தால் இன்னொன்று செதுக்கிக்கொள்ளவேண்டும்.

இப்போது இதற்கெல்லாம் அவசரம் வந்திருக்கிறது. புதுச்சேரி ஆட்சிப்பகுதி அரசுப் பள்ளிகள் 2024-25 கல்வியாண்டோடு சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன. நேற்று வரை தமிழ்நாட்டுப் பாடநூல் படித்த பிள்ளையின் கையில் தடித்த ஆங்கிலப் புத்தகத்தைக் கொடுத்தாயிற்று. ஏழைப் பிள்ளைக்கும் ஆங்கிலம் கொடுத்துவிட்டோம் என்று மேடையில் பேசுகிறார்கள். கொடுத்தது புத்தகம். பேச ஆள் கொடுக்கவில்லை. விளங்காத புத்தகத்தை மனப்பாடம் பண்ணுகிறவனுக்கு ஆங்கிலமும் வராது, அறிவியலும் வராது. அவன் தோற்கிறபோது 'வாய்ப்புக் கொடுத்தும் முன்னேறலை' என்ற பழைய வசனம் தயாராக இருக்கிறது.

பள்ளிக்கூடம் திருந்துகிறவரைக்கும் காத்திருக்க முடியாது என்றுதான் எங்கள் தெருவில் சாயங்காலம் கூடுகிறோம். டியூஷன் அல்ல, கரும்பலகைகூடக் கிடையாது. சட்டம் ஒன்றே ஒன்று. தப்பாகப் பேசலாம், பேசாமல் இருக்கக்கூடாது. ஒருவர் வாக்கியத்தை முடிக்கும்வரை யாரும் திருத்தக்கூடாது. பையன்கள் கபடி ஆடும்போது ஒருத்தன் வேப்பமரத்தடியில் நின்று ஆங்கிலத்தில் வர்ணனை சொல்லவேண்டும். "ஹீ டச், ஹீ ரன், ஓ மை காட், லெக் காட்ச்!" ஆறு மாசத்தில் அந்த 'டச்' தானாக 'டச்ட்' ஆனது. யாரும் இறந்தகாலப் பாடம் நடத்தவில்லை. ஆட்டம் முடிந்ததா நடக்கிறதா என்று கேட்கிறவனுக்குப் புரியவேண்டும் என்ற தேவை நடத்தியது. உரச்சாக்கில் என்ன எழுதியிருக்கிறது, மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி எங்கே என்று பொடிசுகள் படித்து ஆத்தாவுக்குத் தமிழில் சொல்லவேண்டும். தன் ரத்தக்கொதிப்பு மாத்திரை பழசு என்று பேத்தி கண்டுபிடித்த நாளிலிருந்து ஆத்தா எவளையும் வகுப்புக்கு மட்டம் போட விடுவதில்லை.

எல்லாவற்றிலும் மேலானது குழாயடிச் சண்டை. ரெண்டு பெண்கள் குடத்தோடு எதிரெதிரே நிற்பார்கள். சண்டை முழுக்க ஆங்கிலத்தில். "மை பாட் கேம் ஃபர்ஸ்ட்!" "யுவர் பாட் கேம், யூ நாட் கேம்!" இலக்கணம் செத்துவிட்டது, வாதம் உயிரோடு இருக்கிறது. குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனவளுக்கு உரிமை உண்டா இல்லையா என்பது உச்சநீதிமன்றம் வரைக்கும் போகவேண்டிய வழக்கு. தெரு முழுக்கச் சிரிக்கிறது, திட்டினவளும் சிரிக்கிறாள். எட்டாம் வகுப்பில் நான் கேட்ட சிரிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

விளையாட்டோடு நிற்கவும் இல்லை. எங்கள் சுடுகாட்டுப் பாதைக்கு ஒதுக்கின நிதி என்ன ஆனது என்று தகவல் உரிமைச் சட்டப்படி தமிழில் கேட்டோம். ஒரு அலுவலகத்திலிருந்து ஆங்கிலத்தில் பதில் வந்தது. முன்பெல்லாம் இப்படி ஒரு தாள் வந்தால் வக்கீல் வீட்டு வாசலில் போய் நிற்போம். இந்தத் தடவை வேப்பமரத்தடியில் பத்துப் பேர் உட்கார்ந்து ஆளுக்கொரு வரியாகப் பிரித்தோம். கேட்ட நாலு கேள்வியில் மூன்றுக்குப் பதிலே இல்லை என்று ஒன்பதாவது படிக்கிறவள் கண்டுபிடித்தாள். "அக்கா, இது மழுப்பல் இங்கிலீசு" என்றாள். முதல் மேல்முறையீட்டை அவர்களே எழுதினார்கள். புதுச்சேரிக்கென்று தனித் தகவல் ஆணையம் கிடையாது, இரண்டாவது மேல்முறையீடு டெல்லிக்குத்தான் போகவேண்டும். அங்கே எங்கள் தமிழ் செல்லாது.

ஆகவே ஆங்கிலம் தெரிந்த தோழர்களிடம் ஒரு வேலை சொல்கிறேன். கட்டுரை எழுதுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. வாரத்தில் ஒருநாள் உங்கள் பக்கத்துச் சேரிக்குப் போய் ஒரு மணி நேரம் சண்டை போட்டுவிட்டு வாருங்கள். பாடம் நடத்தாதீர்கள், அதற்கு ஆள் இருக்கிறது. எங்கள் பக்கம் வருவதானால் புதனும் சனியும், ஆறரைக்கு மேல். இரண்டாவது மேல்முறையீட்டுக்கு 90 நாள் கெடு, அதில் இருபது போய்விட்டது. மனுவின் முதல் பத்தியில் 'வி ரிக்வெஸ்ட்' போடுவதா 'வி டிமாண்ட்' போடுவதா என்று பெண்கள் இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.