குழிக்கும் ஓர் ஒப்பந்தம் வேண்டும்

2024 பிப்ரவரி 7 அன்று உதகமண்டலத்தை அடுத்த லவ்டேலில் ஒரு வீட்டுக் கட்டுமானத்துக்காக மண் தோண்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. அருகிலிருந்த பழைய கழிப்பறைக் கட்டடம் இடிந்து விழுந்ததில், வேலை செய்துகொண்டிருந்த 6 பெண்கள் உயிரிழந்தார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்பு, மிக்ஜாம் புயல் மழையில், சென்னை வேளச்சேரியில் கட்டடத்துக்காகத் தோண்டிய சுமார் 50 அடிப் பள்ளத்தின் கரை சரிந்து இருவர் இறந்தார்கள். உடல்களை வெளியே எடுக்கவே சில நாள்கள் பிடித்தன.

ஒன்று மலைப்பகுதியில் ஒரு வீடு. மற்றொன்று மாநகரின் பெரிய கட்டுமானம். இரண்டிலும் சுவர் எழும்புவதற்கு முன்பே உயிர்கள் போயின. ஆனாலும், வீடு கட்டுகிறவர்கள் மிகக் குறைவாகப் பேசி முடிக்கும் வேலை குழி தோண்டுவதுதான்.

சிமென்ட் எந்த கம்பெனி, கம்பி எத்தனை எம்.எம். என்று மேஸ்திரியோடு வாரக்கணக்கில் மல்லுக்கட்டும் குடும்பம், ஜேசிபிக்கு ஒரே ஒரு போன் செய்கிறது. “மணிக்கு எவ்வளவு? டிரைவர் பேட்டா தனியா?” அதோடு பேச்சு முடிந்தது. மனைமுகூர்த்தம் முடிந்த கையோடு வண்டி வந்து நிற்கிறது.

மணிக்கணக்கு வாடகை இரு தரப்பையும் அவசரத்துக்குத் தள்ளுகிறது. வீட்டுக்காரரின் கண் மீட்டரில்; ஆபரேட்டரின் நினைப்பு அடுத்த சைட்டில். இன்ஜினீயர் 5 அடி என்று குறித்த இடத்தில் பக்கெட் 6 அடிக்கு இறங்கிவிடுகிறது. கூடுதலாகப் போன ஒரு அடியைத் தோண்டிய மண்ணையே தள்ளி மூடி, அதன்மேல் கான்கிரீட் போட்டுவிடுகிறார்கள். கலைந்த மண் பாரம் ஏறியதும் அமுங்கும். பிற்பாடு சுவரில் சாய்வாக விரிசல் ஓடும்போது பழி கொத்தனார் தலையில் விழும்.

சரியான முறை ஒன்றும் கடினமல்ல. கடைசி அரை அடியை இயந்திரத்துக்கு விடாமல், ஆள் வைத்து மண்வெட்டியால் மட்டம் செய்ய வேண்டும். தவறி ஆழம் கூடிவிட்டால் அந்த இடத்தை மண்ணால் அல்ல, சிமென்ட் குறைந்த பி.சி.சி. கலவையால் நிரப்ப வேண்டும். அந்தச் செலவு யாருடையது என்பது குழி தோண்டும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

பணத் தகராறு பெரும்பாலும் மண் கணக்கில்தான் முளைக்கிறது. நீளம், அகலம், ஆழம் மூன்றும் 5 அடி கொண்ட 12 குழிகள் என்றால் மொத்தம் 1,500 கன அடி. 100 கன அடி ஒரு யூனிட் என்ற கணக்கில் 15 யூனிட். ஆனால், வெளியே வந்த மண் உதிர்ந்து உப்பும். கால் பங்கு கூடினாலே கிட்டத்தட்ட 19 யூனிட் ஆகிவிடும். 2 யூனிட் பிடிக்கும் டிப்பருக்கு 8 நடை என்று வீட்டுக்காரர் கணக்குப் போட்டிருப்பார். வண்டி 10 நடை போகும். “ஏமாற்றுகிறான்” என்பார் ஒருவர், “கணக்குத் தெரியாதவர்” என்பார் மற்றவர். குழியின் அளவுக்குக் கூலியா, ஏற்றிய நடைக்குக் கூலியா என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டிருந்தால் இந்தச் சண்டைக்கே இடமில்லை.

இவ்வளவு சொன்னாலும், உள்ளூர் ஒப்பந்தக்காரரை விட்டு வெளியூர் கம்பெனியைத் தேடிப் போக வேண்டியதில்லை. உள்ளூர்க்காரரிடம் இருக்கும் முதல், அந்த ஊர் மண்ணைப் பற்றிய அறிவு. கோவில்பட்டிப் பக்கம் கரிசல் மண் மழையில் உப்பி, வெயிலில் சுருங்கி வெடிக்கும். அங்கே குழியை நாள்கணக்கில் திறந்துபோடக் கூடாது. காவிரிப் படுகையில் சில அடியிலேயே தண்ணீர் ஊறும். மோட்டார் இல்லாமல் வேலை நகராது. கோவையில் பல இடங்களில் மேல்மண்ணுக்குக் கீழே பாறை. பிரேக்கர் பொருத்திய வண்டி வேண்டும், அதற்கு வாடகை வேறு. எந்த மனையில் முன்பு கிணறு இருந்து தூர்ந்தது, எந்த நகர் பழைய ஏரி உள்வாய் என்பதும் இருபது வருடம் அங்கேயே தோண்டியவருக்குத் தெரியும். அதைக் கேட்டு வாங்காமல் மணிக்கு நூறு ரூபாய் குறைக்கப் பேரம் பேசுவது வீட்டுக்காரருக்குத்தான் நஷ்டம்.

ஒப்பந்தக்காரர் பக்கமும் நியாயம் உண்டு. கடன் போட்டு வண்டி எடுத்தவருக்கு மாதத் தவணை நிற்காது. கம்பி வரவில்லை, நல்ல நேரம் பிறக்கவில்லை என்று வண்டியை இரண்டு மணி நேரம் நிறுத்திவைத்துவிட்டு ஓடிய நேரத்துக்கு மட்டும் காசு கொடுப்பது பரவலான வழக்கம். காத்திருப்புக்கும், பாறை வந்தால் மாறும் வாடகைக்கும் அதே தாளில் இடம் வேண்டும். வண்டியின் பதிவுச் சான்று, காப்பீடு, ஆபரேட்டரின் உரிமம் ஆகியவற்றின் நகலை அதோடு இணைத்துவிட்டால் விபத்து நேரும்போது யாரும் கையைப் பிசைய வேண்டியிருக்காது.

எல்லாவற்றிலும் அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது பாதுகாப்பு. ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்குக் குறையாது. இடுப்பளவு மூடினாலே ஆளை வெளியே இழுக்க முடியாது. அகழ்வுப் பணிக்கான ஐ.எஸ். 3764 என்ற இந்தியத் தர விதி, 1.5 மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளங்களில் பக்கச் சுவருக்கு முட்டுக்கொடுக்கச் சொல்கிறது. தோண்டிய மண்ணைக் கரை ஓரத்திலேயே குவிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. செப்டிக் டேங்குக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் தோண்டும் குழிகள் சர்வசாதாரணமாக இந்த ஆழத்தைத் தாண்டுகின்றன. முட்டுக்கொடுத்த குழியை வீட்டு சைட்டில் பார்ப்பதுதான் அபூர்வம். மண் மேடு வழக்கம்போல விளிம்பில்தான் நிற்கிறது.

பக்கத்து மனைக்காரரையும் மறந்துவிட முடியாது. அடுத்த நிலத்தின் மண் தன் நிலத்துக்கு இயற்கையாகத் தரும் தாங்குதலைப் பெறும் உரிமையை 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டமே அங்கீகரிக்கிறது. எல்லையை ஒட்டித் தோண்டுவதற்கு முன் அவருடைய மதில், சுவர் விரிசல்களைத் தேதியோடு போட்டோ எடுத்து வைப்பது இரு வீட்டுக்கும் நல்லது.

வீட்டு இணைப்புக்காகத் தெருவைத் தோண்டும்போது வேறொரு சிக்கல். நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 லட்சம் முறை ஒளியிழைக் கேபிள்கள் அறுபடுவதாகவும், அதனால் சுமார் 3,000 கோடி ரூபாய் இழப்பு என்றும் மத்திய அரசு கூறியது. தோண்டும் முன் கேபிள், குழாய் நிறுவனங்களுக்குத் தகவல் தருவதற்காக 2023 மார்ச்சில் ‘கால் பிஃபோர் யூ டிக்’ என்ற செயலியையும் வெளியிட்டது. செயலியின் பெயரையாவது அறிந்த ஜேசிபி உரிமையாளர் ஊருக்கு எத்தனை பேர் இருப்பார்கள்?

அரசுக்கும் இதில் வேலை இருக்கிறது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவதற்குச் சுயசான்று முறையில் உடனடி அனுமதி தரும் திட்டத்தை 2024 ஜூலையில் தமிழக அரசு தொடங்கியது. அலுவலக அலைச்சலைக் குறைக்கும் அந்தத் திட்டம் வரவேற்கத்தக்கதே. ஆனால், அதிகாரி வந்து பார்க்காத இடத்தில் உரிமையாளரின் வாக்குமூலம்தான் காவல் என்றால், அந்த வாக்குமூலத்தில் குழியைப் பற்றியும் நாலு வரி இருக்க வேண்டும்: எத்தனை அடி ஆழம், எல்லையிலிருந்து எவ்வளவு தூரம், முட்டு உண்டா, தோண்டுகிறவர் யார், மண் எங்கே போகிறது.

நீலகிரியில் மண் அள்ளும் இயந்திரத்தை இறக்கவே மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அந்த அளவு கெடுபிடி சமவெளிக்குத் தேவையில்லை. ஜேசிபி உரிமையாளர்களை உள்ளாட்சி அமைப்புகளில் பதிவுசெய்து, ஆபரேட்டர்களுக்கு ஆண்டுக்கொரு முறை பாதுகாப்புப் பயிற்சி தந்து, 1.5 மீட்டருக்கு மேல் ஆழமான குழி என்றால் பொறியாளரின் கையெழுத்தைக் கட்டாயமாக்கினால் போதும். இதற்குப் புதுச் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சுயசான்றுப் படிவத்தில் ஒரு பக்கம் சேர்ப்பதிலிருந்து தொடங்கலாம்.