அந்தத் தட்டை ஏன் அவரே கழுவினார்?

திருக்கோவிலூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர்க் காலனியில் சனிக்கிழமை மாலை ஒரு வாசிப்பு வகுப்பு நடத்துகிறோம். மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை படிக்கிற இருபது பிள்ளைகள் வருவார்கள். போன மாதம் மேக்நாத் சாகாவின் கதையைச் சொன்னேன். (மேகநாதன் என்பது இராவணன் மகன் இந்திரஜித்தின் பெயர் என்றதும் பையன்கள் கைதட்டினார்கள்.) 1893இல் டாக்காவுக்கு அருகே ஒரு கிராமத்தில் பிறந்தவர், அப்பாவுக்குச் சிறிய மளிகைக் கடை. நடுநிலைப் பள்ளி வெகுதூரம் என்பதால் அந்த ஊர் மருத்துவர் ஒருவர் தன் வீட்டில் தங்க இடம் கொடுத்தார். என் கையில் இருந்த சிறுவர் நூல், இரக்க குணம் கொண்ட ஒருவர் உதவினார் என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறது. அந்த இரக்கத்துக்கு இருந்த நிபந்தனையை நான் சேர்த்துச் சொன்னேன்: மாட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைக்க வேண்டும்.

நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி உடனே கேட்டாள்: “அந்த வீட்ல மத்தவங்க தட்டெல்லாம் யாருக்கா கழுவுனா?”

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு பையன் பதில் சொன்னான்: “அவரு நம்மள மாதிரி ஆளா இருப்பாருடி.”

முழுக்கச் சரியான பதில் இல்லை. சாகாவின் சாதி வங்கத்துச் சாதி அடுக்கில் கீழே வைக்கப்பட்டிருந்த ஒரு வணிகச் சாதி. நம் காலனியின் நிலைமை வேறு. ஆனால் சிறுவர் நூலை எழுதியவருக்கு எட்டாத ஒன்று ஒன்பது வயதுப் பையனுக்கு ஒரு தட்டைப் பார்த்ததும் எட்டிவிட்டது.

நம் தொடக்கப் பள்ளிகளில் புழங்கும் அறிவியலாளர் கதைகளுக்கு ஒரு வார்ப்பு இருக்கிறது. ஏழைச் சிறுவன், தெருவிளக்கு, விடாமுயற்சி, வெற்றி, ‘நீயும் முயன்றால் முடியும்’. இந்த வார்ப்பின் சூழ்ச்சியே ‘ஏழை’ என்ற சொல்லில்தான் இருக்கிறது. சாதியை அதற்குள் மடித்து வைத்துவிடுகிறார்கள். வறுமைக்கு ஆள் கிடையாது, மழை பொய்த்ததைப் போல அது தானாக வந்து சேர்ந்துவிடும். தட்டைத் தனியாகக் கழுவச் சொன்னதற்கு ஆள் உண்டு. கல்கத்தா மாநிலக் கல்லூரியில் படித்தபோது ஈடன் இந்து விடுதியில் சாகாவைத் தங்களோடு உட்கார்ந்து சாப்பிட விடாத சக மாணவர்கள் இருந்தார்கள். சரஸ்வதி பூசையில் அவரைச் சேர்க்காதவர்களும் அவர்கள்தான். கல்விக் கடவுளுக்கே தீட்டாகிவிடும் என்று பயந்த அந்தப் படிப்பாளிகள் வாழ்ந்த காலத்தில்தான், 1920இல், நட்சத்திரத்தின் ஒளியைப் பிரித்துப் பார்த்து அதன் வெப்பத்தைக் கணக்கிட வழிசெய்யும் சமன்பாட்டை சாகா உலகுக்குக் கொடுத்தார்.

இதே அலமாரியில் இன்னொரு ‘ஏழைச் சிறுவன்’ இருக்கிறார்: இராமானுஜன். அவருடைய வறுமை உண்மையானது. அவருடைய கணிதத்தைக் குன்றிமணி அளவுகூடக் குறைக்க நான் வரவில்லை. ஆனால் நாமகிரித் தாயார் கனவில் வந்ததை விரித்து எழுதுகிற சிறுவர் நூல்கள், நனவில் வந்தவர்களைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. 1910இல் வேலை தேடி அவர் எங்கள் திருக்கோவிலூருக்குத்தான் வந்தார். அப்போது இங்கே துணை ஆட்சியர், இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கிய வி. ராமசாமி ஐயர். அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அறிமுகக் கடிதங்கள் கொடுத்துச் சென்னைக்கு அனுப்புகிறார். அங்கே சேஷு ஐயர். பிறகு நெல்லூர் ஆட்சியர் ராமச்சந்திர ராவ், மாதம் 25 ரூபாய் உதவித்தொகை. துறைமுகக் கழகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தால் அங்கே மேலதிகாரி நாராயண ஐயர். எல்லோரும் நல்லவர்கள், கணிதம் அறிந்தவர்கள், சரி. கையில் நோட்டோடு வந்து நிற்கும் ஏழைப் பையனை உள்ளே கூப்பிட்டு உட்கார வைக்கும் வீட்டு வாசல்கள் அன்றைக்கு யாருக்குத் திறந்தன? அதே ஆண்டில் எங்கள் காலனியிலிருந்து ஒரு பையன் அதே துணை ஆட்சியர் வீட்டுக்குப் போயிருந்தால் எந்த வாசல் வரைக்கும் போயிருப்பான்?

என் கதையையும் சொல்ல வேண்டும். ஐந்தாம் வகுப்பில் கட்டுரைப் போட்டிப் பரிசாக எனக்கு சி.வி. ராமன் வாழ்க்கை வரலாறு கிடைத்தது. 1921இல் கப்பலில் வரும்போது, மத்தியதரைக் கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று அவர் யோசித்தாராம். அந்த வருடம் பள்ளிச் சுற்றுலாவில் மாமல்லபுரம் போனோம். முதன்முதலாகக் கடலைப் பார்த்தேன். என்ன கேள்வி வருகிறது என்று வெகுநேரம் காத்திருந்தேன். கால் நனைந்ததுதான் மிச்சம். எனக்கு மூளை இல்லை, அறிவியலாளர்கள் பிறவியிலேயே வேறு மாதிரி என்று முடிவு செய்துகொண்டேன். ராமனின் அப்பா இயற்பியலும் கணிதமும் கற்பித்த கல்லூரி விரிவுரையாளர், வீட்டிலேயே அறிவியல் புத்தகங்கள் இருந்தன என்பதெல்லாம் அந்த நூலின் முதல் பக்கத்தில் ‘நல்ல குடும்பம்’ என்று இரண்டு சொல்லில் இருந்தது. அந்த இரண்டு சொல்லைப் பிரித்துக் காட்ட எனக்கு ஆள் இல்லை. 1933இல் பெங்களூரு அறிவியல் கழகத்தின் இயக்குநராக இருந்த இதே ராமன், பெண் என்பதற்காக கமலா சோஹோனிக்கு முதலில் இடம் தர மறுத்ததை நான் முதுகலை படிக்கும்போதுதான் தெரிந்துகொண்டேன்.

அப்துல் கலாமுக்கு வருவோம். அவர் படம் இல்லாத வகுப்பறை தமிழ்நாட்டில் அபூர்வம். பள்ளியில் அர்ச்சகர் மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தன்னைப் புதிதாக வந்த ஆசிரியர் கடைசி வரிசைக்குப் போகச் சொன்னதை ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் அவரே பதிவு செய்திருக்கிறார். அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டபோது, முஸ்லிம் பையனுக்குத் தன் அடுக்களையில் உணவு பரிமாற அவருடைய மனைவி மறுத்ததும் அதில் இருக்கிறது. ஆசிரியரே பரிமாறி, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். நம் வகுப்பறைகளில் இது ஆசிரியரின் பெருந்தன்மைக் கதையாக மட்டுமே சொல்லப்படுகிறது. இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த சிறுவனுக்குத் தொண்டையில் சோறு இறங்கியதா என்று எந்தப் பாட வேளையிலாவது கேட்டிருக்கிறோமா?

இதைச் சொன்னால் ஆசிரிய நண்பர்கள் உடனே ‘பிஞ்சு மனதில் சாதியைப் புகுத்தாதீர்கள்’ என்கிறார்கள். யார் பிஞ்சு? எந்தத் தெரு வழியாக சைக்கிளை மிதிக்கக் கூடாது என்று எங்கள் பிள்ளைகளுக்கு ஆறு வயதிலேயே தெரியும். எந்த வீட்டில் தண்ணீர் கேட்கக் கூடாது என்று அந்தத் தெருப் பிள்ளைகளுக்கும் அதே வயதில் சொல்லித் தரப்படுகிறது. பள்ளி மட்டும் தெரியாததுபோல் நடிக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரை அவர் வீட்டுக்குள்ளேயே புகுந்து வெட்டியவர்கள் அதே பள்ளி மாணவர்கள். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, சாதிக் கயிறுகளைத் தடைசெய்யச் சொல்லி 2024 ஜூனில் அறிக்கை தந்தது. வரவேற்கிறேன். ஆனால் பன்னிரண்டாம் வகுப்பில் அறுக்க வேண்டிய அந்தக் கயிறு தொடக்கப் பள்ளி வயதிலேயே திரிக்கப்படுகிறது.

நியூயார்க்கில் 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஐன்ஸ்டீன், மேரி கியூரி, ஃபாரடே ஆகியோரின் சாதனைகளை மட்டும் படித்த மாணவர்களைவிட, அவர்கள் பட்ட பாட்டையும் தடுமாறிய இடங்களையும் படித்தவர்கள் அறிவியல் பாடத்தில் முன்னேறியிருந்தார்கள். அவர்கள் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள். நம் பிள்ளைகள் இன்னும் சிறியவர்கள். இருந்தாலும் நமக்குப் பயன்படும். ஃபாரடே கொல்லர் மகன், புத்தகம் கட்டும் தொழில் பழகியவர். ஹம்ப்ரி டேவியோடு ஐரோப்பியப் பயணம் போனபோது டேவியின் மனைவி அவரை வேலைக்காரராகவே நடத்தினார். நம் வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் அதைச் சட்டென்று தங்கள் ஊரோடு பொருத்திக்கொள்வார்கள்.

நம் தோழர்களிடமும் எனக்கொரு சண்டை இருக்கிறது. நாமும் அதே வார்ப்பில் நம் ஆட்களை ஊற்றுகிறோம். ‘தடைகளைத் தாண்டிச் சாதித்தார்’ என்று எழுதும்போது தாண்டியவர் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது, தடை போட்டவர் வாக்கியத்திலேயே இல்லை. தாண்ட முடியாமல் எட்டாம் வகுப்பில் நின்றுவிட்ட என் அண்ணன் இதைப் படித்தால் தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொள்வார்.

புத்தகங்கள் மாறும்வரை காத்திருக்க வேண்டாம். இருக்கிற புத்தகத்தையே படியுங்கள், நடுவில் நிறுத்துங்கள், வழி விட்டது யார், மறித்தது யார் என்று பிள்ளைகளையே சொல்ல விடுங்கள். வரும் சனிக்கிழமை எங்கள் வகுப்பில் ஜானகி அம்மாள். 1897இல் தலச்சேரியில் தீயர் குடும்பத்தில் பிறந்தவர், 1931இல் மிச்சிகனில் முனைவர் பட்டம் பெற்றவர். கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பை வேறு புல்லினங்களோடு கலந்து புதிய கலப்பினங்களை உருவாக்கினார். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேரின் வீட்டில் கரும்பு வெட்டப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு கழியைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். கணுவை அறுத்துப் பார்க்கப் போகிறோம்.