மருந்தும் துஆவும்



வீட்டில் ஒருவருக்குப் புத்தி பேதலித்துவிட்டால் ஏர்வாடிக்கு அழைத்துச் செல்வது நம் கடற்கரை மக்கள் பலரின் நெடுநாளைய வழக்கம். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அங்கு நிகழ்ந்ததைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தனியார் காப்பகம் ஒன்றின் ஓலைக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகளால் ஓட இயலவில்லை. 28 உயிர்கள் போயின. சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் அறவே தடை செய்துள்ளது.

அத்தீ விபத்துக்கு அடுத்த ஆண்டே, பெங்களூர் நிம்ஹான்ஸைச் சேர்ந்த டாக்டர் ரகுராம் குழுவினரின் ஆய்வொன்று பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. தமிழகத்தின் முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளை அவர்கள் ஆராய்ந்தனர். மருந்தேதும் இல்லாமலேயே நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு தணிந்திருந்தன. உறவினர் உடனிருந்ததும், அச்சுறுத்தலற்ற அமைதியான சூழலுமே காரணமாகலாம் என்றனர். ஏர்வாடியில் மாண்டவர்களுக்கு அவ்விரண்டில் எது கிடைத்தது?

சமயத்தையும் மனநோயையும் சேர்த்து ஆராய்வதையே வாழ்நாள் பணியாக ஏற்றவர் சூடான் நாட்டுப் பேராசிரியர் மாலிக் பத்ரி. 1932-இல் பிறந்து, இங்கிலாந்தின் லெஸ்டரில் டாக்டர் பட்டம் பெற்றவர். மேலை உளவியலை அப்படியே விழுங்கிவிடும் முஸ்லிம் உளவியலாளரை 1979-இல் தம் நூலொன்றில் கண்டித்தார். உளவியலைத் தூக்கியெறியச் சொன்னவரல்லர். பல்க் நகரின் அபூ ஸைத் அல்-பல்கீ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதிய மனநல நூலை ஆங்கிலத்திலும் தந்தார். காரணம் தெரிந்த துயரம் வேறு, காரணமே புலப்படாத துயரம் வேறு என்று பல்கீ அன்றே பிரித்தெழுதியிருக்கிறார். இதை நம் மதரஸாக்களில் எத்தனை பேர் அறிவர்? 2021-இல் பத்ரி மறைந்தார்.

இளங்கலை முடித்த பிள்ளைகள் உளவியல் பயில விரும்பினால், “பைத்தியக்காரப் படிப்பு” என்று சில பெற்றோர் முகம் சுளிக்கின்றனர். பெண் பிள்ளையென்றால் பேச்சே இல்லை! நோயுற்ற மகனை ஜின் பிடித்தவன் என்று நம்பிக் கலங்கும் ஒரு தாய், டாக்டரிடம் தயங்குகிறாள். டாக்டருக்கோ அவளது துஆ விளங்குவதில்லை. இருவர் பேச்சும் புரிந்தவராக நடுவில் அமர, இக்கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்த ஒரு மகளால் முடியாதா?